குறுக்குத்துறையில் திரும்பும் நடைபாலம்: வெள்ளம் வரும்போது விலகி நிற்குமா?

ரதவீதி:
எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி டவுன்காரன், எம்.இ. கட்டமைப்புப் பொறியியல் கடைசி வருடம். ஆய்வுத் திட்டத்துக்கு நகரும் கேபிள் நடைபாலத்தை எடுத்திருக்கிறேன். இடம், தாமிரபரணிக் கரையில் நம்ம குறுக்குத்துறை.

வெளிநாடுகளில் நகரும் பாலம் என்றால் கப்பலுக்கு வழிவிடத்தான். தாமிரபரணியில் கப்பல் ஏது? ஆனால் வழிவிட வேண்டிய ஒன்று நமக்கும் இருக்கிறது, அது வெள்ளம். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்ந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கண்ணாலேயே பார்த்தேன். ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயில் மூழ்கியது, தைப்பூச மண்டபம் மூழ்கியது. கோயில் மூழ்குவது புதிதல்ல. வெள்ளம் ஏறும் என்று தெரிந்தால் உற்சவரையும் பொருட்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் பாறையில் செதுக்கிய திருமேனி, அவர் அங்கேயே இருப்பார். வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜை தொடங்கிவிடும்.

இதைத்தான் பாலமாக யோசித்துப் பார்த்தேன். அசையாதது பாறையோடு நிற்கட்டும், அசையக்கூடியது விலகிப் போகட்டும்.

திட்டம் இது. ஆறு முழுவதையும் தாண்டவில்லை. கோயிலுக்குக் கொஞ்சம் கீழே, கரையிலிருந்து ஆற்றுக்குள் இருக்கும் பாறைத் திட்டு வரை 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அகலம் 3 மீட்டர். திருவிழா நாளில் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே வழியில் நெருக்குவதற்கு இது மாற்று வழி. பாறைத் திட்டின்மேல் ஒரு தூண், அதிலிருந்து சாய்ந்து இறங்கும் கேபிள்கள், தளம் கரை வரை நீளும். வெள்ளம் வந்தால் தூணோடு சேர்ந்து 90 பாகை திரும்பி ஆற்றோட்டத்துக்கு இணையாக நின்றுகொள்ளும். அடித்தளம் நேராகப் பாறையில் உட்காருகிறது என்பதால் தூணை அங்கே வைத்தேன்.

இதில் என்ன தவறு என்று சொல்லுங்கள். உண்மையாகவே கேட்கிறேன்.

தோஹா_பாளையங்கோட்டை:
தம்பி, நல்ல கேள்வி. நான் இங்கே தோஹாவில் பாலம், மேம்பாலம் வேலையில்தான் இருக்கிறேன்.

நீ சொல்வதற்கு மிக நெருங்கியது புவனோஸ் ஐரிஸ் நகரத்தின் புவேர்த்தோ மதேரோ பழைய துறைமுகத்தில் இருக்கிறது. 2001இல் திறந்த நடைபாலம், வடிவமைத்தவர் ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கலட்ராவா. ஒரே சாய்ந்த தூண், அதில் கேபிள்கள், நடுப்பகுதி சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு அப்படியே 90 பாகை திரும்பும். சுற்றிலும் பழைய செங்கல் கிடங்குகள். பழைய இடத்தில் புதிய பாலம் எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். டப்ளினில் 2009இல் வந்த சாமுவேல் பெக்கெட் பாலமும் திரும்பும் கேபிள் பாலம்தான், ஆனால் அது வண்டிகளுக்கானது.

இன்னொன்றையும் பார்த்துவை. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் உள்துறைமுகத்தில் 1999இல் பொறியாளர் ஷ்லைஷின் குழு ஒரு தொங்கு நடைபாலம் கட்டியது. நீளம் 73 மீட்டர் சொச்சம். அது திரும்பாது, தூக்காது. கரையிலுள்ள தூண்களைப் பின்னால் இழுத்தால் தளம் பூனை முதுகு மாதிரி வளைந்து எழும்பும். ஆனால் அதை நம் ஆற்றுக்குச் சொல்ல மாட்டேன். அங்கே படகு அடியில் போகிறது, நமக்கு வருவது மரமும் அமலைச் செடியும். எழும்பினாலும் பாலம் நீரின் குறுக்கேதான் நிற்கும்.

கால்வாய்_ஓரம்:
தம்பி, நான் பொறியாளன் இல்லை. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். கால்வாய் மதகு திறந்து மூடியே முப்பது வருடம் போய்விட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தூண் பாறைத் திட்டில். திருப்புகிற இயந்திரமும் அங்கேதானே இருக்கும்? வெள்ளம் வருகிற இரவில் நான் போய்த் திருப்புகிறேன். பாலம் கரையை விட்டு விலகிவிட்டது. நான் எப்படிக் கரைக்கு வருவேன்?

ரதவீதி:
ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு நாளாக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கரையிலிருந்து ரிமோட்டில் திருப்பலாம் என்று எழுதப்போனேன். அப்புறம் 2023இல் மின்சாரமும் செல்போனும் இல்லாமல் இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. எழுதவில்லை.

தூணைக் கரைக்குக் கொண்டுவருகிறேன். கரையில் பாறை மேலே கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். மண்ணுக்குள் ஆழமாகப் பைல் அடித்துத்தான் அடித்தளம் போட வேண்டும், செலவு கூடும்.

கால்வாய்_ஓரம்:
கூடட்டும். மதகிலும் அப்படித்தான். ஷட்டரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், திருகுகிற ஆள் நிற்கிற இடம் நனையக்கூடாது.

பேட்டை_பட்டறை:
அண்ணாச்சி சொன்னது சரி. நான் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். தூண் கரைக்கு வந்தால் 60 மீட்டர் தளம் ஒரே பக்கமாக ஆற்றுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் என்ன எடை வைக்கிறீர்கள்? கணக்கைப் போடுங்கள்.

ரதவீதி:
போட்டேன், யாராவது சரிபாருங்கள்.

கைப்பிடியோடு சேர்த்து தளம் மீட்டருக்கு 0.7 டன். 60 மீட்டருக்கு 42 டன், அதன் எடை மையம் தூணிலிருந்து 30 மீட்டரில். ஆக, எடையைத் தூரத்தால் பெருக்கினால் 1,260 டன்-மீட்டர். தூணுக்குப் பின்னால் கரைப் பக்கம் நீளும் பின்கை 20 மீட்டர், 14 டன், மையம் 10 மீட்டரில், 140 டன்-மீட்டர். மீதி 1,120. எதிர் எடையைத் தூணிலிருந்து 18 மீட்டரில் வைத்தால் சுமார் 62 டன் வேண்டும். கான்கிரீட்டில் கிட்டத்தட்ட 25 கன மீட்டர். தூணையும் சேர்த்தால் சுழலும் தாங்கியின்மேல் 140 டன் அளவில் உட்காரும்.

பின்கை திரும்புவதற்குக் கரையில் 20 மீட்டர் ஆரத்துக்குக் கால்வட்ட இடம் காலியாக இருக்க வேண்டும். மரம், மண்டபம், கடை எதுவும் வரக்கூடாது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இதுதான் பெரிய கட்டுப்பாடு.

தோஹா_பாளையங்கோட்டை:
கணக்கு சரி. இது ஆள் இல்லாதபோது உள்ள சமநிலை, திரும்பும்போது மட்டும் செல்லும். பாலம் மூடியிருக்கும்போது மக்கள் பாரம் தனி. சாலைப் பாலங்களுக்கான ஐ.ஆர்.சி. 6 விதியில் நடைபாதைக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ. புனிதத் தலம், திருவிழாக் கூட்டம் கூடும் இடம் என்றால் அதையே 500 கிலோவாக எடுக்கச் சொல்லியிருக்கிறது. குறுக்குத்துறைக்கு 500தான், பேச்சே இல்லை. 180 சதுர மீட்டருக்கு 90 டன், தளத்தின் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதைப் பின்கை தாங்கக் கூடாது. பாலம் மூடியதும் பாறைப் பக்க முனையில் ஆப்பு ஏற்றி முனையை இறுக்கி உட்கார வைக்க வேண்டும். ஆப்பு சரியாக ஏறாத திரும்பு பாலம் ஒவ்வொரு அடிக்கும் குதிக்கும்.

இன்னொன்று, ஆட்டம். 2000 ஜூன் 10ஆம் தேதி லண்டன் மில்லேனியம் நடைபாலத்தைத் திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வு தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல்தான் மறுபடி திறந்தார்கள். நடக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறோம், பக்கவாட்டில் நொடிக்கு ஒரு தள்ளு. பாலத்தின் இயல்பு அதிர்வும் அங்கேயே இருந்தால் ஆட்டம் வளரும். ஆட ஆரம்பித்ததும் மக்கள் விழாமலிருக்கத் தங்களை அறியாமல் ஒரே தாளத்தில் நடப்பார்கள், அது இன்னும் ஆட்டிவிடும்.

நம்ம ஊரில் அறியாமல் இல்லை, தெரிந்தே ஒரே தாளத்தில் ஆடுவார்கள். காவடியும் நையாண்டி மேளமும் இந்தப் பாலத்தின்மேல் ஏறும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிட வேண்டும். எடையைக் கூட்டினால் ஆட்டம் குறையும், ஆனால் திருப்புவது கஷ்டம். எனவே தணிப்பான் வை. அதற்கான எடையையும் இடத்தையும் இப்போதே ஒதுக்கு.

காற்றாலை_பணகுடி:
இந்த இழையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். நான் காற்றாலை பராமரிப்பு வேலை பார்ப்பவன். நீங்கள் தேடுகிற சுழலும் தாங்கி எங்கள் ஒவ்வொரு காற்றாலையின் தலையிலும் இருக்கிறது. காற்று வரும் திசைக்கு நாசல் என்ற தலைப்பெட்டி திரும்புவதற்கு யா பேரிங் என்று ஒரு பெரிய பல்வளையம். மோட்டார், கியர்பெட்டி, சின்னப் பல்சக்கரம், பிரேக். பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் இதைக் கழற்றி மாட்டத் தெரிந்த பையன்கள் எத்தனையோ பேர். பாலம் பழுதானால் பம்பாயிலிருந்து ஆள் வர வேண்டாம்.

ஆனால் திருப்பும்போது உராய்வுதான் பிரச்சினை என்று நினைப்பீர்கள், அது சின்ன விஷயம். 140 டன் என்றாலும் நல்ல தாங்கியில் 2 டன்-மீட்டர் அளவில் முடிந்துவிடும். உங்கள் எதிரி காற்று. மணிக்கு 72 கிலோமீட்டர் காற்றில் அந்த 60 மீட்டர் தளத்தின் பக்கவாட்டைக் கணக்கிடுங்கள். கைப்பிடிக் கம்பிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்கையில் படும் காற்றைக் கழித்தாலும் 35 டன்-மீட்டர் வருகிறது, உராய்வைப் போல பதினைந்து மடங்குக்கு மேல். முன்கை நீளம், பின்கை குட்டை. அதனால் பூட்டாமல் விட்டால் பாலம் தானாகவே காற்றோடு திரும்பும். ஆனி, ஆடிக் காற்றில் இரண்டு நிலையிலும் இரும்புப் பூட்டு கட்டாயம்.

ரதவீதி:
அண்ணே, நன்றி. அந்த 35ஐ வைத்து, மின்சாரம் இல்லாதபோது கையால் திருப்பும் கைச்சுழற்றிக் கணக்கைப் போட்டேன். உராய்வோடு சேர்த்து 37 டன்-மீட்டர். நான்கு பேர், ஆளுக்கு 15 கிலோ விசை, கைப்பிடி ஆரம் 35 சென்டிமீட்டர். கியரில் போகும் இழப்பையும் கழித்தால் 2,900க்கு 1 என்ற விகிதம் தேவைப்படுகிறது. கால்வட்டம் திருப்ப 730 சுற்று. நிமிடத்துக்கு 25 சுற்று என்றால் அரை மணி நேரம்.

மின்சாரம் இருந்தால் மோட்டார் சில நிமிடங்களில் திருப்பிவிடும். இல்லாவிட்டாலும் நான்கு பேர் அரை மணியில் முடிப்பார்கள். பழைய பாம்பன் பாலத்தின் தூக்கு நடுப்பகுதியை 1914இலிருந்து ஆட்கள் கையால் சுற்றித்தானே திறந்தார்கள். 1964 புயலில் அவ்வளவு அழிந்தும் அந்த நடுப்பகுதி தப்பியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நடுப்பகுதி மேலே தூக்கும், அது மின்சாரத்தில்.

பேட்டை_பட்டறை:
அப்படியென்றால் தூக்குப் பாலமாகவே செய்யலாமே? கரையில் கீல் வைத்து, கேபிளை விஞ்சில் சுற்றித் தளத்தை மேலே தூக்கிவிடலாம். இடமும் குறைவு, பின்கையும் வேண்டாம்.

காற்றாலை_பணகுடி:
அண்ணாச்சி, 60 மீட்டர் பலகையை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைப்பது புயல் காற்றுக்குப் பாய் விரித்துக் கொடுப்பது மாதிரி. காற்று மிஞ்சினால் நாங்கள் இறக்கையின் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திருப்பி நிறுத்திவிடுவோம். வெள்ளம் வருகிற அன்றுதான் காற்றும் இருக்கும். தாழ்வாகப் படுத்திருப்பதே நல்லது.

தோஹா_பாளையங்கோட்டை:
அதோடு, கேபிளை விஞ்சில் சுற்றி இழுக்கும் பாலங்களில் உருளைகளும் ஓடும் கயிறுகளும் அதிகம். ஜெர்மனியின் கீல் நகரத்தில் 1997இல் மூன்று மடிப்பாக மடியும் நடைபாலம் வந்தது, பார்க்க அவ்வளவு அழகு. ஆரம்பத்தில் அடிக்கடி நின்றுபோனது. திரும்பு பாலத்தில் கேபிள்கள் ஓடுவதில்லை, பூட்டியபடியே எல்லாம் சேர்ந்து திரும்பும். பழுதாகக்கூடிய இடம் ஒரு தாங்கியும் ஒரு ஆப்பும்தான்.

குறுக்குத்துறை_மகள்:
எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் கட்டடக்கலை படித்தவள், பிறந்தது இந்தத் துறையில்தான். இதுவரை யாரும் பார்வையைப் பற்றிப் பேசவில்லை.

விடியற்காலையில் படித்துறையில் நின்றால் கண்ணுக்குத் தெரிவது பாறை, நீர், கல்மண்டபம், எதிர்க்கரை மரங்கள். எல்லாமே படுத்த கோடுகள். அதில் செங்குத்தாக ஒரு எஃகுத் தூண் வந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். தூண் எவ்வளவு உயரம் தம்பி?

ரதவீதி:
24 மீட்டர் வைத்திருக்கிறேன் அக்கா.

குறுக்குத்துறை_மகள்:
எட்டு மாடி உயரம். மனசு ஒப்பவில்லை. 16க்கு இறக்க முடியுமா?

தோஹா_பாளையங்கோட்டை:
முடியும், அதற்கு விலை உண்டு. கடைசிக் கேபிள் தூணிலிருந்து 55 மீட்டரில் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மீட்டர் தூணில் அதன் சாய்வு 23 பாகைக்கு மேல். 16 மீட்டரில் 16 பாகைதான். அதே எடையைத் தூக்க அந்தக் கேபிளின் இழுவை 40 சதவீதத்துக்கு மேல் கூடும். தளத்தை நீளவாட்டில் அமுக்கும் விசையும் கூடும். கேபிள் தடிக்கும், தளம் தடிக்கும், எதிர் எடை ஏறும்.

குறுக்குத்துறை_மகள்:
சரி, 24ஐ 20 ஆக்குங்கள், இடத்தை மாற்றுங்கள். இப்போது தூண் கோயிலுக்கும் மேல் படித்துறைக்கும் நடுவில் கண்ணில் படுகிறது. கீழ்ப்பக்கம் நகர்த்தி, கரை மரங்களுக்கு முன்னால் நிறுத்தினால் பின்னணியோடு கலந்துவிடும். வெள்ளை வேண்டாம், பளபளப்பு வேண்டாம். ஈரப்பாறையின் நிறம் போதும். இரவில் வண்ண விளக்கு தயவுசெய்து வேண்டவே வேண்டாம், நடக்கிற பாதையில் மட்டும் வெளிச்சம் விழட்டும்.

எனக்கு மிகப் பிடித்தது ஒன்று இருக்கிறது. கோயிலின் வெள்ளம் மோதும் பக்கத்தைப் பாருங்கள், படகின் முன்பகுதி மாதிரி கூராகக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதில் பட்டு இரண்டாகப் பிரிந்து போகும். மோதலை எப்படித் தாங்குவது என்பதைக் கட்டியவர்கள் அங்கேயே கல்லில் எழுதி வைத்துவிட்டார்கள். உங்கள் பாலம் திரும்பி நிற்கும்போது எந்த முனை மேல்பக்கம் பார்க்கும்?

ரதவீதி:
முன்கையைக் கீழ்ப்பக்கமாக, அதாவது ஓட்டத்தோடு திருப்புகிறேன் அக்கா. பாதி திரும்பும்போது வெள்ளம் பிடித்துக்கொண்டாலும் நீர் அதைத் திறக்கும் பக்கமாகத்தான் தள்ளும். மேல்பக்கம் திருப்பினால் நீரோடு சண்டை போட வேண்டியிருக்கும். அப்படித் திரும்பும்போது எதிர் எடை உள்ள பின்கையின் முனை மேல்பக்கம் பார்த்து நிற்கும்.

குறுக்குத்துறை_மகள்:
அப்படியென்றால் அந்த முனைக்கு முன்னால் கரையில் ஒரு கல்மூக்கு கட்டுங்கள். கோயிலின் கூர்முனையைப் பார்த்து அதே கோணத்தில், சிற்பம் எதுவும் இல்லாமல். மற்ற நாட்களில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கும் திண்ணையாக இருக்கட்டும். வெள்ளத்தில் மிதந்து வருகிற மரத்தை அது ஒதுக்கும்.

பேட்டை_பட்டறை:
ஒரு சந்தேகம். 2023இல் தண்ணீர் கரையையும் தாண்டி வந்தது. ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள்ளேயே ஆறு ஓடியது. பாலத்தைக் கரையோரம் திருப்பி வைத்தாலும் அங்கேயும் மூழ்கத்தானே செய்யும்?

கால்வாய்_ஓரம்:
மூழ்கும். நனைவது வேறு, அடிபடுவது வேறு. நடு ஆற்றில்தான் இழுவை, மரமும் அங்கேதான் வரும். கரையோரம் தண்ணீர் ஏறும், இறங்கும், சகதி விட்டுப் போகும். சுலோச்சன முதலியார் 1843இல் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்த பாலத்தைப் பாருங்கள், 11 வளைவு. வெள்ளத்தை அடியில் விடுவதற்குத்தான் அத்தனை கண். வழிவிடாத எதுவும் இந்த ஆற்றில் நின்றதில்லை.

எப்போது திருப்புவது என்பதையும் எழுதி வையுங்கள். அணைகளின் முழு மட்டம் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. அணை நிரம்பித் திறக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் திருப்பிவிட வேண்டும், தண்ணீரைக் கண்ணால் பார்க்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஆனால் 2023இல் அணைக்குக் கீழே சமவெளியிலேயே கொட்டித் தீர்த்தது. அதனால் அணை அறிவிப்பு மட்டும் போதாது, சிவப்பு எச்சரிக்கை வந்தாலும் திருப்பு. சும்மா திருப்பிவிட்டோமே என்று யாரும் கேட்கக் கூடாது. மாதம் ஒருமுறை கையால் திருப்பிப் பழக வேண்டும். மூன்று வருடம் தொடாத மதகைத் திருகப் போய்த் திருகாணி இறுகி நின்ற இரவு எனக்கு நினைவிருக்கிறது. அன்று ஊருக்குள் தண்ணீர் வந்தது.

தோஹா_பாளையங்கோட்டை:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2022 அக்டோபர் 30, குஜராத் மோர்பி தொங்குபாலம். பழுதுபார்த்துத் திறந்து நான்கே நாள், 135 பேர் போனார்கள். முக்கியக் கேபிளின் 49 இழையில் 22 ஏற்கனவே துருப்பிடித்து அறுந்திருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. தளத்தை மாற்றினார்கள், கேபிளைப் பார்க்கவில்லை.

தம்பி, உன் கேபிள்களின் கீழ்முனைப் பிடிகள் தளத்துக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், மூடி போடாமல் இருக்கட்டும். அழகுக்காக உள்ளே மறைக்காதே. ஒரு கேபிளைக் கழற்றி மாற்றும்போதும் பாலம் நிற்க வேண்டும், அந்தக் கணக்கும் ஆய்வில் வர வேண்டும். திருப்பி நிறுத்தும்போது எல்லாக் கேபிளும் கரைக்கு மேலேயே வந்துவிடுகிறது. பாதிக்குமேல் ஆய்வைச் சாரம் கட்டாமல், ஆற்றில் இறங்காமல் செய்யலாம். திரும்பு பாலத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மாதம் ஒருமுறை திருப்புகிற அன்றே கேபிளையும் பார்த்துவிடலாம்.

காற்றாலை_பணகுடி:
அன்றே கிரீஸும் அடித்துவிடலாம். தாங்கி போல்ட்டுகளின் இறுக்கத்தை ஓட ஆரம்பித்த சில வாரத்திலேயே ஒருமுறை சரிபார்க்க வேண்டும், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. வெள்ளச் சகதி உள்ளே போகாதபடி பல்வளையத்தைச் சுற்றி ரப்பர் சீல் வையுங்கள். முடிந்தால் தாங்கியை 2023 நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள். தளம் கரைமட்டத்தில் இருந்தாலும் தாங்கி தூணின் மேல்பகுதியில் இருக்கலாமே?

தோஹா_பாளையங்கோட்டை:
தாங்கியை மேலே ஏற்றினால் தளம் தூணைச் சுற்றி வளையம் மாதிரி திரும்ப வேண்டியிருக்கும், சிக்கல். பேசாமல் தூண் நிற்கிற இடத்தில் கரையை மேடாக்கி, ஏழெட்டுப் படி ஏறிப் பாலத்துக்குப் போகிறபடி வை. வயதானவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் சாய்தளம் தனியாக. பாறைப் பக்கம் இறங்கும் படி கல்லில்.

ரதவீதி:
எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தி வரைந்துவிட்டேன். தூண் கரையில், 20 மீட்டர் உயரம், மரங்களுக்கு முன்னால். முன்கை ஓட்டத்தோடு திரும்பும், பின்கைக்கு முன்னால் கல்மூக்கு. கைச்சுழற்றி அறை மேட்டில், நான்கு பேர் நிற்க இடம், கூரை உண்டு. கேபிள் பிடிகள் வெளியே.

நீளம்தான் இன்னும் உறுத்துகிறது. 60 என்பது நான் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வைத்துக்கொண்டது. கார்த்திகை மழை தொடங்குவதற்குள் நேரில் அளந்துவிட வேண்டும். பின்கை திரும்பும் 20 மீட்டர் ஆரத்தையும் கரையில் சுண்ணாம்பு போட்டுப் பார்க்க வேண்டும். லஸ்கர் ஐயா, வெள்ளம் ஏறிய மட்டத்தையும் ஆற்றின் இழுவை போகும் கோட்டையும் நீங்கள் வந்து காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

கால்வாய்_ஓரம்:
வருகிறேன் தம்பி. ஞாயிறு காலை 6 மணிக்குப் படித்துறையில் நிற்பேன். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். டேப் என்னிடம் இருக்கிறது, 30 மீட்டர்தான், இரண்டு தடவை வைக்க வேண்டும். பாறையில் பாசி இருக்கும், செருப்பைக் கரையிலேயே விட்டுவிடு.